சுருங்க மறுக்கும் பொருள்கள்: லோட்டஸ் 49-ஐ 1/12 அளவில் கட்டும்போது

1967 ஜூன் 4 அன்று, நெதர்லாந்தின் சான்ட்வூர்ட் களத்தில் லோட்டஸ் 49 என்ற ஃபார்முலா 1 பந்தயக் கார் தன் முதல் பந்தயத்துக்கு இறங்கியது. அன்றே ஓட்டுநர் ஜிம் கிளார்க் அதில் வென்றார். காலின் சாப்மனும் மாரிஸ் பிலிப்பும் வடிவமைத்த அந்தக் காரில் அலுமினிய உடற்கூடு ஓட்டுநரின் முதுகோடு முடிந்துவிடும். அதற்குப் பின்னால் எஞ்சினேதான் காரைத் தாங்கும் சட்டகம். கீத் டக்வொர்த் உருவாக்கிய 3 லிட்டர் காஸ்வொர்த் டிஎஃப்வி எஞ்சினை உடற்கூட்டின் பின்சுவரில் போல்ட் போட்டு முடுக்கி, பின்சக்கரங்களின் சஸ்பென்ஷனை எஞ்சினோடும் கியர்பாக்ஸோடும் பூட்டியிருந்தார்கள். மேலே மூடி எதுவும் கிடையாது. குழாய், வயர், ஸ்பிரிங், நட்டு என எல்லாம் வெட்டவெளியில் தெரியும். ஸ்கேல் மாடல் கட்டுபவர்களுக்கு இந்தக் கார் மீது இருக்கும் தீராத மோகத்துக்கு அதுதான் காரணம்.

மாடல் தயாரிக்கும் டமியா நிறுவனம் 1/12 அளவில் இதற்குக் கிட், அதாவது நாமே ஒட்டிக் கட்டும் பாகங்களின் தொகுப்பு, வெளியிட்டிருக்கிறது. 1/12 என்றால் நீளம் 12-இல் ஒரு பங்கு, பரப்பு 144-இல் ஒரு பங்கு, கன அளவு 1728-இல் ஒரு பங்கு. வடிவம் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படும். ஆனால் பெயின்ட்டின் துகள், திரவத்தின் பரப்பு இழுவிசை, பிளாஸ்டிக்கின் வலிமை இவற்றுக்கெல்லாம் ஸ்கேல் தெரியாது. ஒரு மாடல் பொம்மையாகத் தெரிவதும் நிஜமாகத் தெரிவதும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் தடிமன். கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் உருகிய நிலையில் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் போய் நிறைய வேண்டுமானால் சுவர் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். நிஜக் காரின் கணக்கில் அது 12 மி.மீ. தகடு. பந்தயக் காரின் அலுமினியத் தகடோ ஒரு மில்லிமீட்டரை ஒட்டியதுதான். அதனால் காற்று நுழையும் மூக்கின் விளிம்பு, காக்பிட்டின் ஓரம் போன்ற வெளியே தெரியும் இடங்களில் மட்டும் உட்புறமாகச் சுரண்டி மெலிதாக்குகிறார்கள். தகடாகவே தெரிய வேண்டிய பாகங்களுக்குக் குளிர்பான டின்னை வெட்டிப் பயன்படுத்துகிறார்கள். டின்னின் பக்கச்சுவர் சுமார் 0.1 மி.மீ.; 12-ஆல் பெருக்கினால் 1.2. கடையில் கிடைக்கும் பொருள்களில் ஸ்கேலுக்கு இவ்வளவு கச்சிதமாக அமைவது அபூர்வம்.

ஒட்டும் வேலையில் வேதியியல் நமக்குச் சாதகமாக இருக்கிறது. பிளாஸ்டிக் சிமென்ட் உண்மையில் பசையே இல்லை. அதிலுள்ள அசிட்டோன், பியூட்டைல் அசிட்டேட் போன்ற கரைப்பான்கள் பாலிஸ்டைரீனின் மேற்பரப்பை இளக்குகின்றன. இரு பக்கத்து மூலக்கூற்றுச் சங்கிலிகளும் எண்ணெய் காணாத தலைமுடிபோல ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியானதும் இரண்டும் ஒரே துண்டு. குரோம் பூசிய பாகங்களை அப்படியே ஒட்டினால் நிற்காததும் இதனால்தான். மெல்லிய உலோகப் படலம் குறுக்கே இருந்தால் கரைப்பான் பிளாஸ்டிக்கைத் தொடவே முடியாது. ஒட்டும் இடத்தில் குரோமைச் சுரண்டியாக வேண்டும்.

இதே இளக்கம் வேண்டாத இடத்திலும் நடக்கும். பழைய கிட்களில் டயர் மிருதுவான வினைலால் ஆனது. அதை மிருதுவாக்கச் சேர்த்த பிளாஸ்டிசைசர் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் சக்கரத்தை அரித்துவிடும். அலமாரியில் யாரும் கை வைக்காமலே மாடல் கெட்டுப்போகும் வழி இது. சக்கரத்தின் விளிம்பில் மெல்லிய உலோகத்தாளை ஒட்டித் தடுப்பது நல்லது.

இனி பெயின்ட். உள்ளதிலேயே கடினமானது இதுதான். 1967-இன் லோட்டஸ் கரும்பச்சை, நடுவே மஞ்சள் பட்டை. நிஜக் காரின் பெயின்ட் நூறு மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம் என்று வைத்தால், 1/12-இல் அது எட்டு மைக்ரான்தான் இருக்க வேண்டும். அவ்வளவு மெல்லிய மஞ்சள் எதையும் மறைக்காது. மஞ்சள் நிறமிகளுக்கு மறைக்கும் திறன் பொதுவாகவே குறைவு. அதனால் பிரைமர் எனும் வெள்ளை அடிப்பூச்சின் மேல் மஞ்சளை முதலில் அடித்து, டேப் ஒட்டி, பிறகு பச்சையை அடிக்கிறார்கள். டேப்பை எடுத்ததும் ஓரத்தில் 20 மைக்ரான் படி நின்றால் அது நிஜக் காரில் கால் மில்லிமீட்டர் மேடு. கிளியர் கோட் எனும் நிறமற்ற மேல்பூச்சு கொடுத்து, 2000 எண் உப்புத்தாளில் நீர் தொட்டுத் தேய்த்துச் சமன்செய்வது இதற்காகத்தான்.

பளபளப்பிலும் இதே தொல்லை. பெயின்ட்டைக் காற்றால் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷிலிருந்து வரும் துளிகள் பரப்பில் விழுந்து, பரப்பு இழுவிசையால் ஒன்றாகிப் படர வேண்டும். அதற்குள் பெயின்ட்டை நீர்க்கச் செய்யும் தின்னர் ஆவியானால் ஆரஞ்சுத் தோல் போன்ற மேடுபள்ளம் உறைந்துவிடும். அந்த மேடு ஒவ்வொன்றும் மில்லிமீட்டர் அகலம். நிஜக் காரில் அதை மன்னிக்கலாம். மாடலிலோ அது 12 மி.மீ. அலையாகி, பிரதிபலிப்பு நெளிந்து, இது சிறியது என்று உடனே சொல்லிக்கொடுத்துவிடும். மெதுவாக உலரும் தின்னரைச் சேர்த்தால் துளிகளுக்குப் படர அவகாசம் கிடைக்கும்.

தூரத்துப் பொருள் வெளிறித் தெரியும், ஆகவே மாடலின் நிறத்தில் வெள்ளை கலக்க வேண்டும் என்று ஒரு பழைய அறிவுரை உண்டு. கப்பல் மாடலுக்கு அது பொருந்தலாம். 1/12 காரை அரை மீட்டரில் இருந்து பார்ப்பது நிஜக் காரை ஆறு மீட்டரில் இருந்து பார்ப்பதற்குச் சமம். ஆறு மீட்டர் காற்று எந்த நிறத்தையும் வெளிறவைக்காது. காருக்கு இதை நான் ஏற்கவில்லை.

வெளியேற்றுக் குழாயின் கதை வேறு. சூடான எஃகின் மேல் ஆக்சைடு படலம் வளர்கிறது. அதன் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் எதிரொளிக்கும் ஒளி ஒன்றையொன்று கூட்டியும் கழித்தும் நிறம் காட்டுகிறது. சாதாரண எஃகில் 220 டிகிரி செல்சியஸ் அளவில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, 300-ஐ ஒட்டி நீலம். இந்த நிறத்தைத் தீர்மானிப்பது படலத்தின் கனம் மட்டுமே. குழாய் பெரியதா சிறியதா என்பது அதற்குப் பொருட்டில்லை. ஆகவே மெல்லிய எஃகுக் குழாயை வளைத்து நிஜமாகவே சூடேற்றினால் நிஜ நிறமே வரும். மொத்த மாடலிலும் ஸ்கேல் கணக்கே தேவைப்படாத இடம் இது ஒன்றுதான். பிளாஸ்டிக் குழாய் என்றால் ஒளி ஊடுருவும் மஞ்சள், ஊதா, நீலத்தை அதே வரிசையில் மெல்ல அடிக்க வேண்டியதுதான்.

எடையும் மாடலைக் காட்டிக்கொடுக்கும். அன்றைய விதிப்படி ஃபார்முலா 1 காரின் குறைந்தபட்ச எடை 500 கிலோ. 1728-ஆல் வகுத்தால் 290 கிராமுக்குச் சற்றுக் குறைவு. டயர் தரையைத் தொடும் பரப்பு 144 மடங்குதான் குறைகிறது. எனவே தரைமீதான அழுத்தம் 12-இல் ஒரு பங்காகிவிடும். மாடலின் டயர் தானாகப் பிதுங்காது, கார் மிதப்பதுபோல் நிற்கும். டயரின் அடியை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துத் தட்டையாக்கினால் கார் உடனே கனமாகத் தெரியும். செலவில்லாத இந்த வேலையைப் பலர் செய்யாமல் விடுவது எனக்கு வருத்தம்.

எதைச் சேர்ப்பது என்பதைப் புகைப்படங்கள் சொல்லும். சான்ட்வூர்ட் கார் என்றால் கிளார்க்கின் எண் 5, டயர் ஃபயர்ஸ்டோன். காரைத் தரையோடு அழுத்தும் இறக்கைகள் அடுத்த ஆண்டுதான் வந்தன. தோள்பட்டை பெல்ட் போட்டுவிடக் கூடாது. அன்று பெரும்பாலான ஓட்டுநர்கள் பெல்ட் கட்டியதில்லை.

எதை விடுவது என்பதைக் கண் சொல்லும். 30 செ.மீ. தூரத்தில் நல்ல கண்ணால் 0.1 மி.மீ. அளவில்தான் இரண்டு புள்ளிகளைப் பிரித்தறிய முடியும். 7 மி.மீ. ஸ்பார்க் பிளக் வயர் 1/12-இல் 0.6 மி.மீ.; அவசியம் போட வேண்டும். நட்டுகள் கழலாமல் கட்டும் லாக்வயர் 0.8 மி.மீ. என்றால் மாடலில் 0.07 மி.மீ. மட்டுமே. தேவையில்லை என்று தோன்றும். ஆனால் பிரித்தறிவது வேறு, கண்ணில் படுவது வேறு. எல்லைக்குக் கீழே உள்ள கம்பியும் ஒளி பட்டால் மின்னும். அந்த மினுக்கம் வேண்டுமென்றால் கம்பியைப் பளபளப்பாகவே விட வேண்டும். மங்கலாகப் பெயின்ட் அடித்தால் போட்ட உழைப்பு யார் கண்ணுக்கும் எட்டாது.