அச்சுறுத்தல் அல்ல, இடையூறு

“பக்கக்காற்று ஓர் அச்சுறுத்தல்.” சிறு விமானம் ஓட்டப் பழகுவோருக்கான ஒரு தமிழ்க் குறிப்பில் இப்படி ஒரு வரி. இரண்டு பத்தி தள்ளி மேகமும் அச்சுறுத்தல், குறுகிய ஓடுபாதையும் அச்சுறுத்தல். கடைசியில், இறங்கும் நேரத்தில் பேச்சுக் கொடுக்கும் பக்கத்து இருக்கைக்காரரும் அச்சுறுத்தல்! தலைப்பு: ‘அச்சுறுத்தல் மற்றும் பிழை மேலாண்மை’. இந்தத் தொடரைப் பல இடங்களில் பார்த்துச் சலித்துவிட்டது.

மூலத்தில் இது ‘த்ரெட் அண்ட் எரர் மேனேஜ்மென்ட்’, சுருக்கமாக டி.இ.எம். 1990களில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹெல்ம்ரைக் குழுவினர் விமானி அறையிலேயே உட்கார்ந்து, வழக்கமான பறப்புகளில் என்ன நடக்கிறது என்று கவனித்துக் குறித்ததிலிருந்து வளர்ந்த முறை. பிறகு பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு விமானி உரிமத்துக்கான தகுதிகளில் இதைச் சேர்த்தது. இதில் ‘த்ரெட்’ என்றால் விமானியின் கைக்கு அப்பால் தோன்றி, அவர் வேலையைச் சிக்கலாக்குவது. ‘எரர்’ என்றால் விமானியே செய்வது, அல்லது செய்யாமல் விடுவது.

சரி, அச்சுறுத்தல் ஏன் பொருந்தாது? அச்சுறு என்பது தன்வினை, அஞ்சுவது. அச்சுறுத்து என்பது பிறவினை, அஞ்சவைப்பது. அஞ்சவைக்க ஓர் ஆள் வேண்டும், அவருக்கு ஒரு நோக்கம் வேண்டும். எரிபொருளும் காற்றும் கலக்கும் கார்புரேட்டருக்குள் படியும் பனிக்கு என்ன நோக்கம்? ஈரக் காற்றில், வெளியே 20 பாகைக்கு மேல் வெப்பம் இருக்கும்போதுகூட அது சத்தமில்லாமல் படியும். விமானி அஞ்சவும் மாட்டார், ஏனென்றால் அது இருப்பதே அவருக்குத் தெரியாது. இஞ்சின் வேகம் மெல்லக் குறைவதைக் கவனித்தால்தான் உண்டு. அச்சமே தராத ஒன்றை அச்சுறுத்தல் என்று சொல்லிக்கொடுத்தால், பயில்பவர் பயம் தருவதை மட்டும்தான் தேடுவார்.

இன்னொரு கேடும் உண்டு. வான்பயணத்தில் உண்மையான அச்சுறுத்தல்கள் இருக்கின்றன: கடத்தல், வெடிகுண்டு மிரட்டல். பாதுகாப்புப் படையினர் பேசும் அச்சுறுத்தலும், பறக்கும் முன் விமானி எண்ணிப் பார்க்கும் பக்கக்காற்றும் ஒரே சொல்லில் அடைபட்டால் வாசிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்?

என் பரிந்துரை ‘இடையூறு’. ‘உறு’ என்ற வினையின் முதல் எழுத்து நீண்டு ‘ஊறு’ ஆகிறது, சுடு சூடானது போல. இடையில் வந்து உறுவது இடையூறு. அச்சுறுத்தலிலும் இதே ‘உறு’தான் இருக்கிறது. ஆனால் அங்கே ஒருவர் உறுத்துகிறார், இங்கே அது தானாக வந்து உறுகிறது. டி.இ.எம். கேட்பது இந்த இரண்டாவதைத்தான். வள்ளுவர் வினைத்திட்பத்தில் “ஊறொரால் உற்றபின் ஒல்காமை” என்கிறார்: ஊறு வருமுன் விலக்குவது, வந்தபின் தளராதிருப்பது. இந்தச் சொல்லுக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

‘இடையூறு சின்னத் தொந்தரவு மாதிரி ஒலிக்கிறதே’ என்று ஒரு நண்பர் மறுத்தார். அதனால்தான் அது பொருந்துகிறது என்பேன். டி.இ.எம். பட்டியலில் பெரும்பாலானவை சின்னவைதான். இறங்கும் முன் சரிபார்ப்புப் பட்டியலைப் படித்துக்கொண்டிருக்கும்போது வானொலியில் ஓர் அழைப்பு வருகிறது, பதில் சொன்னபின் ஒரு வரி விட்டுப்போகிறது. அழைப்பு இடையூறு, விட்டது பிழை. தனியாக ஓட்டும் சிறு விமானத்தில் அந்த வரியைப் பிடிக்கத் துணைவிமானி கிடையாது. ‘இடர்’ என்று போடலாமே என்பாரும் உண்டு. அது ஏற்கெனவே ரிஸ்க், பேரிடர் இரண்டையும் சுமக்கிறது. மூன்றாவது சுமை வேண்டாம்.

‘எரர்’ என்பதற்குப் ‘பிழை’ அப்படியே இருக்கட்டும். ‘தவறு’ என்றால் குற்றச்சாட்டின் வாடை வருகிறது. ‘மேலாண்மை’யை மட்டும் அலுவலகத்துக்கே அனுப்பிவிடலாம். விமானி அறையில் நடப்பது கையாளுவது. அப்புறம் அந்த ‘மற்றும்’! ஆங்கிலத்தில் ‘அண்ட்’ வந்த இடமெல்லாம் மொழிபெயர்ப்பாளர்கள் இதை ஒட்டுகிறார்கள். தமிழுக்கு ‘உம்’ போதும்: இடையூறும் பிழையும் கையாளுதல்.

அதே குறிப்பில் ‘விரும்பத்தகாத விமான நிலை’ என்றும் ஒன்று இருந்தது. வேகமும் உயரமும் மிகுந்து ஓடுபாதையை நெருங்குவது போன்ற நிலையைச் சொல்கிறார்களாம். வாய்விட்டுப் படித்தால் ஏதோ பிடிக்காத விமான நிலையம் என்றே காதில் விழுகிறது. ‘வேண்டாநிலை’ என்று ஒரே சொல்லில் முடிக்கலாம். அந்த நிலையில் பிழை எங்கே நேர்ந்தது என்று ஆராய்ந்துகொண்டிருக்க நேரமில்லை. முதலில் விசையைக் கூட்டி மேலேறி, மறுபடி சுற்றி வர வேண்டும்.