மங்குக்கு ஒரு நூல்முடிச்சு

எங்கள் புளோக்கின் மூன்றாம் மாடி அக்காவுக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு. இரண்டாவது பிள்ளையைச் சுமந்தபோது வந்தது, இன்னும் போகவில்லை. போன வாரம் லிஃப்டுக்காக நின்றபோது கைபேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். "டி.என்.ஏ கிரீமாம் தம்பி. இதப் பூசுனா நம்ம டி.என்.ஏவே மாறிடுமா? அப்புறம் பேரப்பிள்ளைங்க வேற மாதிரி பொறந்தா?"

அந்த விளம்பரத்தை விடுங்கள். ஆனால் தோலின் கருமையைக் குறைக்க டி.என்.ஏவைக் கொண்டு ஏதாவது செய்யலாமா என்ற யோசனை நிஜமானது. அதில் வரும் டி.என்.ஏ நம் மரபணுக்களைத் தொடுவதே இல்லை. அதன் பெயர் ஆப்டமர்.

டி.என்.ஏ என்றதும் பரம்பரைதான் நினைவுக்கு வரும். கொஞ்ச நேரம் அதை மறந்துவிட்டு வெறும் நூலாகப் பாருங்கள். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பூக்கடையில் சரம் தொடுக்கும் நூலில் ஒரு துண்டை வெட்டிப் போட்டால் தானாகச் சுருண்டு கிடக்கும். நம் உடலின் டி.என்.ஏவுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. இரண்டு இழைகள் ஒன்றையொன்று முறுக்கிப் பிடித்திருக்கின்றன. டி.என்.ஏ இழை என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி எழுத்துகளின் கோவை. ஒற்றை இழையை மட்டும், ஐம்பது அறுபது எழுத்து நீளத்தில் செய்து நீரில் விட்டால் அது தன்மேலேயே மடியும். ஏ என்ற எழுத்து டியைத் தேடும், ஜி சியைத் தேடும். கொண்டை ஊசி, வளையம், முடிச்சு என்று வடிவங்கள் பிறக்கும். பூக்கடை நூலோடு ஒப்பிடுவது இந்த இடத்தோடு முடிகிறது, ஏனென்றால் டி.என்.ஏ இழை கண்டபடி சுருளாது. எந்த எழுத்து வரிசையோ, பெரும்பாலும் அதற்குரிய வடிவம்தான். அந்த வடிவம் ஒரு புரதத்தின் மேடுபள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தால் புரதம் அதன் பிடியில் சிக்கிக்கொள்ளும், வேலை செய்ய முடியாது.

சரி, எந்த வரிசை எந்தப் புரதத்தில் உட்காரும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்தது இந்த இடம்தான். யாரும் உட்கார்ந்து வடிவமைப்பதில்லை, புடைத்து எடுக்கிறார்கள். 1990இல் கொலராடோவில் லாரி கோல்டும் கிரெய்க் டியூர்க்கும், பாஸ்டனில் ஜாக் சோஸ்டாக்கும் ஆண்ட்ரூ எல்லிங்டனும் தனித்தனியாக இதே வழிக்கு வந்து சேர்ந்தார்கள். அப்போது பயன்படுத்தியவை டி.என்.ஏவின் நெருங்கிய உறவான ஆர்.என்.ஏ இழைகள், 1992இல் டி.என்.ஏவிலும் செய்துகாட்டினார்கள்.

முதலில் எழுத்துகளைக் குருட்டாம்போக்கில் கோத்த இழைகளை ஒரு குழாயில் எடுத்துக்கொள்வார்கள். சுமார் 100 டிரில்லியன் இழைகள், ஊர்க் கணக்கில் நூறு லட்சம் கோடி. ஏறக்குறைய ஒவ்வொன்றும் வேறு வேறு. வேண்டிய புரதத்தைச் சின்னஞ்சிறு மணிகளில் ஒட்டவைத்து, அதன்மேல் இந்தக் கலவையை ஊற்றுவார்கள். ஒட்டாதவற்றைக் கழுவிவிடுவார்கள். ஒட்டியவை மிகக் கொஞ்சம்தான். அவற்றைப் பிரித்து பி.சி.ஆர் முறையில் பெருக்குவார்கள். ஆமாம், கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரியில் செய்தார்களே, அதே பி.சி.ஆர். பெருகியதை மறுபடி ஊற்று, மறுபடி கழுவு. ஒவ்வொரு சுற்றிலும் கழுவுவதைக் கடுமையாக்குவார்கள். இடையில் வேண்டாத புரதங்களையும் காட்டி, அவற்றோடு ஒட்டுகிற இழைகளை வெளியே தள்ளுவார்கள். பத்துச் சுற்றுக்குள் முறத்தில் தேறி நிற்பது ஒரு சில வரிசைகளே.

இனி தோலுக்கு வருவோம். மேல்தோலின் அடிவரிசையில் மெலனோசைட் என்ற செல்கள் இருக்கின்றன. கறுப்போ சிவப்போ, எல்லா மேனியிலும் அவற்றின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் அவை எவ்வளவு நிறமியை, எந்த அளவுப் பொட்டலங்களில் கட்டுகின்றன என்பதில் இருக்கிறது. ஒரு மெலனோசைட் தன்னைச் சுற்றியுள்ள முப்பத்துச் சொச்சம் செல்களுக்கு அந்தப் பொட்டலங்களை விநியோகிக்கிறது. பொட்டலத்துக்குள் நிறமி தயாரிக்கும் நொதி டைரோசினேஸ். இரண்டு செம்பு அணுக்கள் இல்லாமல் அதற்குக் கை ஓடாது.

கள்ளத்தனமாக விற்கும் சில கிரீம்களில் உள்ள பாதரசம் இந்த நொதியைத்தான் முடக்குகிறது. முகம் வெளுக்கும், கூடவே சிறுநீரகமும் கெடும். சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் எத்தனை முறை எச்சரித்தாலும் அந்த டப்பாக்கள் எப்படியோ வந்துவிடுகின்றன.

ஆப்டமரும் டைரோசினேஸைப் பிடிக்கட்டுமே என்று தோன்றும். சோதனைக் குழாயில் பிடிக்கலாம். உடலிலோ அந்த நொதி செல்லுக்குள், அதற்குள்ளும் ஒரு பைக்குள் இருக்கிறது. டி.என்.ஏ இழைக்கு எதிர்மின்னேற்றம். செல்லின் சவ்வுக்கும் வெளிப்புறத்தில் எதிர்மின்னேற்றம். வாசலிலேயே தள்ளிவிடும். ஆகவே வாசலுக்கு வெளியே நடக்கும் பேச்சைத் தடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

அந்தப் பேச்சு இப்படி நடக்கிறது. வெயில் பட்டதும் மேல்தோல் செல்கள் எஸ்.சி.எஃப் என்ற புரதத்தை அனுப்புகின்றன. அது மெலனோசைட்டின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கிட் என்ற ஏற்பியில் போய் உட்கார்ந்ததும், உள்ளே நிறமி வேலை சூடுபிடிக்கிறது. மங்கு படர்ந்த தோலில் இந்த இரண்டுமே கூடுதலாக இருப்பதைக் கொரிய ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கிட்டைத் தடுத்தால் நிறம் குறையும் என்பதற்கு வேறொரு பக்கத்திலிருந்து சாட்சி கிடைத்தது: ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மாத்திரை கிட்டையும் தடுக்கும், அதைச் சாப்பிடும் சிலருக்கு மேனி வெளிறுவது மருத்துவர்களுக்குப் பழக்கமான பக்கவிளைவு. எஸ்.சி.எஃப்பை வழியிலேயே மடக்கும், அல்லது கிட்டின்மேல் முன்கூட்டியே உட்கார்ந்துகொள்ளும் ஆப்டமர் அதே வேலையை முகத்தில் அந்த இடத்தில் மட்டும் செய்யலாம். அந்த இடத்தோடு நிற்பது முக்கியம். குடலுக்கும் ரத்தம் ஊறுவதற்கும்கூட கிட் வேண்டும்.

அப்படியானால் ஏன் இன்னும் கடையில் இல்லை? தோலின் மேலடுக்குதான் காரணம். காகிதத்தைவிட மெல்லிய, செத்த செல்களின் சுவர் அது. 500 டால்டனுக்கு (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் அலகு) மேல் எடையுள்ள மூலக்கூறை எளிதில் விடாது என்பது தோல் மருந்துத் துறையில் வாய்பாடு மாதிரி. 40 எழுத்து ஆப்டமரின் எடை சுமார் 13,000. ஆனால் 2018இல் வெளியான ஓர் ஆய்வில், 20,000 டால்டனைத் தாண்டிய ஆர்.என்.ஏ ஆப்டமர் ஒன்று அறுவையில் எடுத்த மனிதத் தோலுக்குள் நுழைந்ததைக் காட்டினார்கள். சுவர் நினைத்த அளவுக்குக் கறார் இல்லை போலும். நுண்ணூசிப் பட்டைகள் இன்னொரு வழி.

உள்ளே போனாலும் நொதிகள் இழையை நறுக்கித் தள்ளும். இங்கே நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. இங்கே ஆய்வு நடத்திய இச்சிரோ ஹிராவோவின் குழு நான்கு எழுத்தோடு செயற்கை எழுத்துகளையும் சேர்த்து ஆப்டமர் செய்தது. இழையின் நுனியில் சின்னக் கொண்டை ஊசியை வைத்து நொதிகளுக்குத் தாக்குப்பிடிக்கவும் செய்தது. அந்த வகை இழைகளைக் கொண்டு டெங்கிக் கிருமியின் புரதத்தை, அதன் வகை பிரித்து அறியும் முறையை சிங்கப்பூரில் செய்து 2021இல் வெளியிட்டார்கள். இதுவரை அனுமதி பெற்ற இரண்டு ஆப்டமர் மருந்துகளும் கண்ணுக்குள் ஊசியாகப் போடுபவை. தோல் நிறமிக்கு ஒன்றுகூட இல்லை.

இவ்வளவையும் லிஃப்ட் வருவதற்குள் சொல்ல முடியுமா? பேரப்பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது என்று மட்டும் சொன்னேன். "அதுவரைக்கும் நான் என்னத்தப் பூச?" என்றார். அவர் பூசுவது வெள்ளை சன்ஸ்க்ரீன். அது புற ஊதாக் கதிரைத் தடுக்கும். ஆனால் மாநிற, கருநிறத் தோலில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கின் கருமையைக் கூட்டும். அதைத் தடுக்க இரும்பு ஆக்சைடு கலந்த, லேசாகப் பழுப்பு நிறம் உள்ள சன்ஸ்க்ரீன் வேண்டும். பெயரை எழுதித் தரச் சொன்னார். பெயர் வேண்டாம் அக்கா, டப்பாவின் பின்பக்கத்தில் இரும்பு ஆக்சைடு இருக்கிறதா என்று பாருங்கள் என்றேன். மூக்குக்கண்ணாடியை எடுக்க மறுபடி மேலே போனார்.