சாமி முன்னால் சத்தியம் செய்துவிட்டான், அப்புறம் கேஸ் எதற்கு?

உதகை நீதிமன்றத்தில் குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் நான். குந்தா, கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் என்று எந்தப் பக்கமிருந்து வருகிறவர்களானாலும் பேச்சு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து நிற்கும்: "அவன்தான் சாமி முன்னால தப்பை ஒத்துக்கிட்டானே, கால்ல விழுந்தானே, அப்புறம் கேஸ் எதுக்குங்க?" கேட்பவர் பெரும்பாலும் கெட்டவர் இல்லை. ஊர்ப் பெரியவராக இருப்பார், குழந்தையின் தாத்தாவாக இருப்பார், சில சமயம் குழந்தையின் அம்மாவே கேட்பார். கடவுள் பெயரால் மன்னிப்பதா, தண்டிப்பதா, எது ஒருவனைக் குற்றத்திலிருந்து தடுக்கும் என்ற விவாதம் எங்கள் மலையில் இந்த வடிவத்தில்தான் நடக்கிறது.

ஒரு சமரசத் தாளைப் பற்றிச் சொல்கிறேன். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளம் எந்த வகையிலும் தெரியக்கூடாது என்பது சட்டம். அதனால் வயதையும் உறவையும் மாற்றியிருக்கிறேன். இருபது ரூபாய் முத்திரைத்தாள். பதினோரு வயதுச் சிறுமி. எஸ்டேட் லைனில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், நாலு வீடு தள்ளிக் குடியிருந்த சொந்தக்காரன். தாளில் "நடந்த சம்பவம்" என்று மட்டும் இருந்தது. என்ன சம்பவம் என்று எங்கும் எழுதவில்லை. கோயிலுக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம், கற்பூரம் அடித்துச் சத்தியம், "இனி இரு குடும்பத்தாரும் பழையபடி பேசிப் பழகிக்கொள்ள வேண்டியது". கீழே ஆறு ஆண்களின் கையெழுத்து, சிறுமியின் அப்பா வைத்த கைநாட்டு. சிறுமியை யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தப் "பழையபடி"யின் பலனாக அவள் தினமும் காலையில் பைப்படியில் குடத்தோடு நிற்கும்போது அவனும் பக்கத்தில் நின்றான். அடுத்த வருடம் இன்னொரு வீட்டுக் குழந்தைக்கு அதே கதி. அதன் பிறகுதான் அந்தத் தாள் என் மேசைக்கு வந்தது.

அந்த ஆறு பேரும் மன்னித்ததாகத்தான் நினைத்தார்கள். அவனோ வேறொன்றைத் தெரிந்துகொண்டான்: மாட்டினால்கூட இவ்வளவுதான், விஷயம் லைனைத் தாண்டி வெளியே போகாது.

மதங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நான் அறிந்தவரை எந்த மதமும் மன்னிப்பை இவ்வளவு மலிவாக வைக்கவில்லை. கத்தோலிக்கர் பாதிரியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் செய்ததற்கு மனம் வருந்துதல், இனிச் செய்வதில்லை என்ற உறுதி, பரிகாரம் எல்லாம் உண்டு. வரி வசூலித்த சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்ன பிறகுதான் அந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்கிறது நற்செய்தி. இஸ்லாத்தில், சக மனிதனுக்குச் செய்த அநியாயம் அல்லாஹ்விடம் தவ்பா செய்வதால், அதாவது வருந்தி மன்னிப்புக் கேட்பதால், மட்டும் தீராது. பாதிக்கப்பட்டவரின் உரிமையைத் தீர்க்க வேண்டும். எங்கள் மலையின் படகர் சமூகத்தாருடைய இறுதிச் சடங்கு எனக்கு எப்போதும் பெரிய விஷயமாகப் படும். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எழுதிய ஆங்கிலேயர் எட்கர் தர்ஸ்டன் 1909ல் பதிப்பித்த பதிவில், இறந்தவரும் அவருடைய முன்னோரும் செய்திருக்கக்கூடிய பாவங்களை ஊரே கேட்க ஒவ்வொன்றாக உரக்கச் சொல்கிறார்கள். எல்லைக்கல்லைப் பிடுங்கியது, நாற்றைப் பிடுங்கி வெயிலில் எறிந்தது, குளிரில் நடுங்குகிறவனுக்கு நெருப்புக் கொடுக்காதது, வழி கேட்டவனுக்குத் தப்பான வழி காட்டியது. அப்புறம்தான் அந்தப் பாவங்கள் போகட்டும் என்று வேண்டுதல். அங்கே எதுவும் "நடந்த சம்பவம்" என்று மழுப்பப்படுவதில்லை. பெயர் சொல்லித்தான் பாவம் கழிகிறது. அதே பட்டியலில் மேலிடத்தில் போய்க் கோள் சொல்வதும் ஒரு பாவமாக இருக்கிறது. ஊர் விஷயம் ஊருக்குள் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் எவ்வளவு பழையது என்று அதில் தெரிகிறது. எந்தச் சாதி, எந்த மதம் என்றில்லாமல் இந்த மலையில் எல்லோரிடமும் அதை நான் பார்க்கிறேன்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். "ஆண்டவன் மன்னிப்பான்" என்று சொல்கிற அதே கூட்டத்தில் ஒருவர் கோபமாக, "விடுங்க, ஆண்டவன் அவனைச் சும்மா விடமாட்டான்" என்பார். கேட்க நேர் எதிராக இருக்கும். ஆனால் இரண்டு பேரும் காவல் நிலையத்துக்குப் போவதில்லை.

கடவுள் பயம் குற்றத்தைக் குறைக்காதா என்றால், ஆராய்ச்சி இருக்கிறது. அசீம் ஷரீஃப் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளரும் 2012ல் 67 நாடுகளின் தரவுகளை ஒப்பிட்டார்கள். சொர்க்க நம்பிக்கையைவிட நரக நம்பிக்கை வலுவாக இருந்த நாடுகளில் குற்றம் குறைவாகவும், அதற்கு மாறான நாடுகளில் கூடுதலாகவும் தெரிந்தது. தண்டிக்கும் கடவுள்தான் தடுக்கிறார் என்று இதை வைத்துப் பலர் பேசுகிறார்கள். ஒரு நாட்டின் சராசரி, கூண்டில் நிற்கும் ஒரு மனிதனைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு என்பது என் எண்ணம். அமெரிக்காவில் குற்றத்தையே பிழைப்பாகக் கொண்ட 48 பேரைப் பேட்டி கண்ட இன்னொரு ஆய்வு எனக்கு அதிகம் பொருந்துகிறது. அவர்களில் பலர் கடவுளையும் நரகத்தையும் நம்பியவர்கள்தான். மனசாரக் கேட்டால் மன்னிப்பு உண்டு என்பதையோ, தன் நிலைமை கடவுளுக்குத் தெரியும் என்பதையோ தங்களுக்குச் சாதகமாக வளைத்துக்கொண்டார்கள். நான் பார்த்த குற்றவாளிகளில் மாலை போட்டவர்கள் உண்டு, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனவர்கள் உண்டு, ஐவேளை தொழுதவர்கள் உண்டு.

சரி, அப்படியானால் கடுமையான தண்டனைதான் வழியா? இங்கேயும் நான் முழுசாகத் தலையாட்ட மாட்டேன். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2019ல் திருத்தி, 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையிடமோ, சொந்தக்காரரோ ஆசிரியரோ செய்யும் கடுமையான ஊடுருவல் பாலியல் வன்கொடுமைக்குக் குறைந்தபட்சம் 20 ஆண்டு, அதிகபட்சம் தூக்கு என்று ஆக்கினார்கள். குறைந்தபட்சத்துக்குக் கீழே இறங்க நீதிபதிக்கு வழியில்லை. இதன் விளைவை நான் குடும்பங்களுக்குள் பார்க்கிறேன். பெரும்பாலும் குற்றவாளி தெரிந்தவன். சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன், டியூஷன் வாத்தியார். "தப்புதாங்க, ஆனா இருபது வருஷமா? அவன் பிள்ளைங்க என்ன செய்யும்?" என்று பாட்டி அழுகிறார். பிறகு சாட்சிகள் ஒவ்வொருவராகப் பிறழ்கிறார்கள். தண்டனை பெரிதாகப் பெரிதாக, புகார் கொடுக்கவே வீட்டில் தயங்குகிறார்கள். 2013ல், பாலியல் குற்றச் சட்டங்களை ஆராய அரசு அமைத்த நீதிபதி வர்மா குழு வன்புணர்வுக்குத் தூக்கு வேண்டாம் என்றது. 2015ல் சட்ட ஆணையமும் தன் 262ஆவது அறிக்கையில், ஆயுள் தண்டனையைவிட மரண தண்டனை அதிகமாகத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரமில்லை என்றது. தண்டனை எவ்வளவு கொடூரம் என்பதைவிட அது தப்பாமல் வரும் என்பதுதான் தடுக்கும் என்று இத்தாலியின் சட்டச் சிந்தனையாளர் பெக்காரியா 1764லேயே எழுதிவிட்டார்.

கூடலூரிலிருந்து உதகைக்கு ஐம்பது கிலோமீட்டர், மலைப்பாதை. ஒரு வாய்தாவுக்கு வர அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும். குழந்தையின் சாட்சியத்தை 30 நாளில் பதிவு செய்ய வேண்டும், விசாரணையை முடிந்தவரை ஓராண்டில் முடிக்க வேண்டும் என்று போக்சோ 35ஆம் பிரிவு சொல்கிறது. தாமதமாகும் ஒவ்வொரு மாதமும், "போனது போகட்டும், மன்னிச்சு விட்டுடு" என்று சொல்பவர்களின் கை ஓங்குகிறது. தண்டனை ஆண்டுகளைக் கூட்டுவதற்குப் பதில் இந்த 35ஆம் பிரிவைக் காப்பாற்றினாலே போதும், குற்றம் செய்ய நினைப்பவனுக்குப் பயம் வரும்.

மன்னிப்புக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. அது பாதிக்கப்பட்டவளுடையது. பெரியவளான பிறகு அவள் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் இருக்கலாம். அவளுக்குப் பதிலாக அப்பா மன்னிக்க முடியாது, ஊர் மன்னிக்க முடியாது. ராஜஸ்தானில் ஒரு ஆசிரியர் மீதான வழக்கில், மாணவியின் தந்தையோடு சமரசமாகிவிட்டது என்று உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து, விசாரணை நடக்கட்டும் என்றது. குற்றம் செய்தவன் 18 வயதுக்குக் கீழே என்றால் கதை வேறு. பெரும்பாலான இளஞ்சிறார் வழக்குகளில் அந்தப் பழி பிற்காலத்தில் அவன் படிப்பையோ வேலையையோ தடுக்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. அந்த மன்னிப்பை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஏனென்றால் அது விசாரணை முடிந்த பிறகு வருகிறது.

ஊர்ப் பெரியவர்களும் கோயில் கமிட்டிக்காரர்களும் பங்குத் தந்தையரும் ஜமாஅத்தாரும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தைக்கு இப்படி நடந்தது என்று தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். போக்சோவின் 19ஆம் பிரிவு யாராக இருந்தாலும் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்துக்குப் பொறுப்பாளர் தன் கீழ் உள்ளவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை. பாவசங்கீர்த்தன ரகசியத்தை உடைக்கக்கூடாது என்பது திருச்சபையின் சட்டம், ஆனால் போக்சோவில் அதற்கு விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. நல்ல எண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்கு வராது என்றும் அதே 19ஆம் பிரிவில் இருக்கிறது.

உங்களிடம் ஒரு குடும்பம் அழுதுகொண்டு வந்தால், குழந்தையைக் கூட்டத்தில் நிறுத்தி நடந்ததைச் சொல்ல வைக்காதீர்கள். குற்றம் செய்தவனையும் குழந்தையையும் நேருக்கு நேர் உட்கார வைக்காதீர்கள். துணிகளைத் துவைக்க விடாமல் எடுத்து வையுங்கள். அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். எஃப்ஐஆர் இருந்தால்தான் பார்ப்போம் என்று எந்த மருத்துவமனையும் சொல்லக்கூடாது. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது. குழந்தை ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை, வீட்டிலேயே வாக்குமூலம் வாங்கலாம், வருகிற போலீஸ் சீருடையில் இருக்கக்கூடாது. அவன் கோயிலில் விழுந்து அழ வேண்டுமென்றால் அழட்டும், யாரும் தடுக்க வேண்டாம். புகார் மட்டும் அன்றைக்கே பதிவாகிவிட வேண்டும்.