ஆயில் சீலை மாற்றியும் ஏன் ஒழுகுகிறது?

ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிச் செல்லும் சரக்கு வேன் ஒன்றின் உரிமையாளர், இடப்பக்கப் பின்சக்கரத்தின் ஆயில் சீலை (எண்ணெய் வெளியே கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை) ஓராண்டில் மூன்று முறை மாற்றியும் பிரேக் டிரம்முக்குள் கிரவுன் ஆயில் (பின் ஆக்சிலின் பற்சக்கரங்களுக்கான எண்ணெய்) வடிவது நிற்கவில்லை என்றும், போலிச் சரக்குதான் காரணமா என்றும் கேட்டிருக்கிறார். போலிகள் சந்தையில் உண்டு. ஆனால் ஒரே இடத்தில் மூன்று சீல்கள் தோற்றிருந்தால், அவை தழுவி நின்ற ஷாஃப்டின் (சுழல்தண்டின்) மீதும் அதைத் தாங்கும் பேரிங்கின் மீதும்தான் முதலில் ஐயம் கொள்ளவேண்டும்.

பின்சக்கர இயக்கம் கொண்ட ஜீப், வேன் போன்ற பல வாகனங்களில் சக்கரம் ஆக்சில் ஷாஃப்டின் நுனியிலேயே பூட்டப்படுகிறது. அந்த ஷாஃப்ட் சக்கரத்தைச் சுழற்றுவதோடு வண்டியின் எடையையும் சுமக்கிறது. ஷாஃப்டை மூடியிருக்கும் குழாய்க் கூடான ஹவுசிங்கின் வாயிலில் உள்ள ஒற்றை பேரிங் வழியாகவே அந்த எடை அதன்மேல் இறங்குகிறது. கனரக லாரிகளில் ஹவுசிங்கின் மேலேயே அமர்ந்த இரண்டு பேரிங்குகள் சுமையை ஏற்றுக்கொள்வதால், ஷாஃப்டை உருவி எடுத்தாலும் சக்கரம் தன் இடத்தில் நிற்கும்.

சீல் என்றதும் எண்ணெயை மறிக்கும் ரப்பர் அணை ஒன்றைத்தான் நாம் மனத்தில் காண்கிறோம். சற்றே கணக்குப் போட்டால் அந்தப் படம் கலைந்துவிடும். ஷாஃப்டின் விட்டம் 40 மி.மீ., டயரின் விட்டம் 66 செ.மீ. என்று கொண்டால், வண்டி 1,00,000 கி.மீ. ஓடுவதற்குள் சீலின் உதடு, அதாவது ஷாஃப்டைத் தொடும் உள்விளிம்பு, எஃகின் மேல் ஏறத்தாழ 6,000 கி.மீ. உரசியிருக்கும். உலர்ந்த ரப்பர் இதைத் தாங்காது. உதட்டுக்கும் ஷாஃப்டுக்கும் இடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கிறது என்பதை 1957இல் ஜேகர் என்ற பொறியாளர் தம் ஆய்வுக் கட்டுரையில் எடுத்துரைத்தார். படலம் இருக்கிறதென்றால் வழியும் இருக்கிறது. பிறகு எண்ணெய் ஏன் வெளியே வருவதில்லை?

விடை உதட்டின் வடிவத்தில் இருக்கிறது. எண்ணெய்ப் பக்கச் சரிவு செங்குத்தாகவும், காற்றுப் பக்கச் சரிவு படுத்தாற்போலவும் வார்க்கப்பட்டிருக்கும். உதட்டை இறுக்கும் சுருள்கம்பி சற்றே காற்றுப் பக்கம் தள்ளி அமர்ந்திருக்கும். இதனால், ஒரு மி.மீட்டரில் சிறு பங்கே அகலமுள்ள தொடுபட்டையில் அழுத்தத்தின் உச்சம் நடுவில் இராமல் எண்ணெய்ப் பக்கமாக ஒதுங்குகிறது. ஷாஃப்ட் சுழலும்போது, ரப்பர் மேற்பரப்பின் நுண்ணிய மேடுகளை அது தன்னோடு இழுக்கிறது. அழுத்தம் உச்சமான இடத்தில் அதிகமாகவும் மற்ற இடங்களில் குறைவாகவும் இழுபட்டு, அம்மேடுகள் சாய்வான துடுப்புகளைப் போல வளைகின்றன. காற்றுப் பக்கத் துடுப்புகள் நீளம்; அவை எண்ணெயை உள்நோக்கித் தள்ளுகின்றன. எண்ணெய்ப் பக்கத் துடுப்புகள் குட்டை. அவை வெளிநோக்கித் தள்ளினாலும் தோற்றுப்போகின்றன. ஆகச் சீல் என்பது ஓயாமல் உள்நோக்கி இறைக்கும் ஓர் ஏற்றம். சரியாகப் பொருத்திய சீலின் காற்றுப் பக்கத்தில் எண்ணெயை ஊற்றினாலும் அது உள்ளே இழுத்துக்கொள்ளும். திருப்பிப் பொருத்தினால் அதே சீல் எண்ணெயை வெளியே இறைக்கும். ரிவர்ஸ் கியரில் துடுப்புகள் எதிர்ப்புறம் சாய்ந்து அதே வேலையைச் செய்வதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. தேய்மானத்தையும் உராய்வையும் கட்டுப்படுத்தினால் பிரிட்டிஷ் தொழில்துறை ஆண்டுக்கு 51.5 கோடி பவுன் மிச்சப்படுத்தலாம் என்று 1966இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த ஜோஸ்ட் குழு கணக்கிட்டது. ஆயினும் ராக்கெட்டுக்குத் திறக்கும் ஆய்வுப் பணப்பை ரப்பர் உதட்டுக்கு எளிதில் திறப்பதில்லை என்பது என் மனக்குறை.

இந்த ஏற்றம் இறைக்க, உதடு சுற்றிலும் ஒரே சீராகப் படிந்திருக்கவேண்டும். பேரிங் தேய்ந்தால் ஹவுசிங் வண்டியின் எடையோடு கீழே அமர, அதனுள் ஷாஃப்ட் மேலே ஒதுங்குகிறது. சீல் ஹவுசிங்கில் பதிந்திருப்பதால், உதட்டின் மேற்பகுதி நசுங்குகிறது, கீழ்ப்பகுதி தளர்கிறது. எண்ணெய் தேங்கி நிற்பதும் அந்தக் கீழ்ப்பகுதியில்தான். புதிய சீல் சில வாரம் சமாளித்துவிட்டுக் கைவிடுவது இதனால்தான். பால் பேரிங்கின் மேல் சுமையை இரட்டிப்பாக்கினால் அதன் ஆயுள் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும் என்பதைக் காய்கறி மூட்டைகளை அடுக்குகிறவர்கள் நினைவில் கொள்வது நல்லது.

சோதிப்பது கடினமன்று. முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தியபின் டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து, தளர்ச்சி இருக்கிறதா என்று ஆட்டிப் பார்க்கவேண்டும். பின்பு நியூட்ரலில் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே பட்டைவில்லின் (லீஃப் ஸ்பிரிங்கின்) மேல் விரல்களை வைத்தால், கெட்ட பேரிங்கின் கரகரப்பு கைக்குத் தெரியும். சாலையில் கேட்கும் ஊங்காரம் நியூட்ரலில் உருளும்போதும் தொடர்ந்து, வேகம் குறையக் குறையத் தணிந்தால் பேரிங்கையே சந்தேகிக்கலாம். டிரம்முக்குள் ஈரம் இருந்தால் முகர்ந்து பார்க்கவேண்டும்: கெட்டியாகக் கந்தக வாடை வீசினால் அது கிரவுன் ஆயில், நீர்த்திருந்தால் பெரும்பாலும் பிரேக் ஆயில், அதன் ஊற்று, பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரில் இருக்கும். எண்ணெயில் ஊறிய பிரேக் ஷூவைத் துடைத்து மாட்டாமல் மாற்றிவிடவேண்டும்.

ஷாஃப்டை உருவியபின், சீல் உட்காரும் பளபளப்பான பட்டையில் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. ரப்பரில் புதைந்த தூசி எஃகை அறுத்திருக்கிறது. எமரித் தாளைச் சாய்வாகத் தேய்த்து அதைச் சரிசெய்ய முயன்றால், அந்தக் கீறல்களே திருகுமரை போல எண்ணெயைக் கடத்தும். மெல்லிய எஃகு உறை போடுவதோ, ஹவுசிங் இடம் கொடுத்தால் புதிய சீலை இரண்டு மி.மீ. தள்ளிப் பதிப்பதோ மேல். பேரிங்கைப் பிடித்திருக்கும் வளையமான காலரை கேஸ் வெல்டிங் சுடரால் அறுத்தால் ஷாஃப்டின் கடினத்தன்மை போய்விடும். ஓரளவு துளையிட்டு உளியால் பிளப்பதே முறை. புதிய பேரிங்கை உள்வளையத்தில் மட்டும் அழுத்தி ஏற்றவேண்டும். வெளிவளையத்தில் அடித்தால், குண்டுகள் ஓடும் தடத்தில் அப்போதே வடு விழும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஒழுகினால், ஆக்சில் ஹவுசிங்கின் மேலுள்ள சிறு மூச்சுத் துளையைப் பாருங்கள். 30 டிகிரியில் கிளம்பிய ஹவுசிங் ஓட்டத்தில் 80 டிகிரிக்குச் சூடேறினால், துளை அடைபட்டிருக்கையில் உள்ளே சிக்கிய காற்றின் அழுத்தம் ஆறில் ஒரு பங்கு ஏறி, இருபக்கச் சக்கரச் சீல்களையும் உள்ளிருந்து தள்ளும். அந்தத் துளையைச் சேறு அடைத்திருந்தால் மண்ணெண்ணெயில் கழுவி, அதன் மூடி கையால் தாராளமாகச் சுழலும்வரை சுத்தம் செய்யவேண்டும்.