மரமீனை ஆட வைப்பது எது?

மரத்தில் லூர், அதாவது தூண்டிலில் கட்டி இழுக்கும் மீன் வடிவப் போலி இரை, செதுக்க ஆரம்பிப்பவர்கள் முதலில் கண்ணும் செதிலும் வரைவதில்தான் மெனக்கெடுவார்கள். கையில் வைத்துப் பார்க்க அழகாக இருக்கும். வாய்க்காலில் போட்டு இழுத்தால் கட்டை மாதிரி நேராக வரும், விரால் சீண்டாது. வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, வெண்ணாற்றிலும் குடமுருட்டியிலும் புதுத்தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடும் நாட்களில் வண்ணம் யார் கண்ணுக்கும் படாது. அந்தக் கலங்கலில் இரையைக் காட்டிக்கொடுப்பது அதன் ஆட்டம்தான்.

செவுளுக்குப் பின்னாலிருந்து வால்வரை மீனின் உடம்பில் ஒரு பக்கக்கோடு ஓடும். அதில் நுண்மயிர் கொண்ட உணர்செல்கள் இருக்கின்றன. அருகில் ஏதாவது அசைந்து தண்ணீர் நகர்ந்தால் அந்த மயிர்கள் வளைந்து மூளைக்குச் சொல்லிவிடும். 1936-இல் பின்லாந்தில் லாரி ரப்பாலா என்ற மீனவர் தக்கையைச் செதுக்கி, சாக்லெட்டின் வெள்ளித்தாளை ஒட்டி, போட்டோ நெகட்டிவை உருக்கிப் பூசித் தன் முதல் லூரைச் செய்தார். கூட்டத்தில் தடுமாறி நீந்தும் குஞ்சைத்தான் பெரிய மீன் பாய்ந்து பிடிக்கிறது என்பதைக் கவனித்திருந்த அவர், அந்தத் தடுமாற்றத்தைத்தான் தன் லூருக்குள் கொண்டுவந்தார்.

அதை நாம் கொண்டுவர, மரத்திலிருந்து தொடங்க வேண்டும். மரம் மிதப்பது அதற்குள் இருக்கும் காற்றால். எந்த மரமானாலும் செல்சுவரின் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றுதான், தண்ணீரைப்போல ஒன்றரை மடங்கு. செல்லுக்குள் எவ்வளவு காற்று என்பதில்தான் மரத்துக்கு மரம் வித்தியாசம். காய்ந்த தேக்கு ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.65 கிராம். வேலியோரம் நிற்கும் கல்யாண முருங்கை அதில் பாதி அளவுதான். கொடிக்கால் அகத்தியும் லேசான மரம்தான்.

லேசான மரம் ஏன் வேண்டும்? உங்கள் லூரின் கன அளவு 15 க.செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அது 15 கிராம் தண்ணீரை விலக்கும், அதாவது மொத்த எடை 15 கிராமைத் தாண்டினால் முழுகிவிடும். கல்யாண முருங்கை என்றால் மரம் 5 கிராம், தூண்டில் முள்ளும் கம்பியும் 4 கிராம். அடிவயிற்றில் 4 கிராம் ஈயம் வைத்தாலும் மிதப்பு மிச்சம் இருக்கும். தேக்கு என்றால் மரமே 10 கிராம் ஆகிவிடும், ஈயத்துக்கு ஒரு கிராம்தான் மீதி. அந்த ஈயம்தான் ஆட்டத்தின் பாதி. எடை அடியில் இருப்பதால், சாய்த்தால் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை போல நிமிர்ந்துவிடும். ஈயத்தை மேலே தள்ளி வைத்தால் லூர் பக்கவாட்டில் கவிழ்ந்துகொண்டு வரும்.

சரி, நிமிர்த்துவது ஈயம். சாய்ப்பது யார்? வாய்க்குக் கீழே நீட்டியிருக்கும் தகடு. இழுக்கும்போது தண்ணீர் அதன் விளிம்பை ஒட்டி வளைய முடியாமல் பிரிந்து, இடப்பக்கம் ஒரு சுழல், வலப்பக்கம் ஒரு சுழல் என்று மாறி மாறி உதிரும். அணைக்கரைப் பாலத் தூண்களுக்குப் பின்னால் சுழித்து ஓடுவதும் இதே இயற்பியல்தான். சுழல் பிறக்கும் பக்கம் அழுத்தம் குறைவதால் உடம்பு அங்கே சாய்கிறது, ஈயம் நிமிர்த்துகிறது, அதற்குள் மறுபக்கச் சுழல் வந்துவிடுகிறது. தோராயமாகக் கணக்குப் போடலாம்: இழுக்கும் வேகத்தைத் தகட்டின் அகலத்தால் வகுத்து, வருவதில் ஐந்தில் ஒரு பங்கு. நொடிக்கு 50 செ.மீ. வேகம், 2 செ.மீ. அகலம் என்றால் நொடிக்கு 5 ஆட்டம். பக்கக்கோடு நன்றாக உணரும் அதிர்வு இது.

தகடு செங்குத்தாக நின்றால் லூர் மேலாகவே, அகலமாக ஆடி வரும். முன்னோக்கிப் படுத்திருந்தால் ஆழம் போகும், ஆட்டம் ஒடுங்கும். இடுப்பளவு வாய்க்காலுக்கு முதல் வகையே போதும். பழைய சிடியை வெட்டினாலே நல்ல பாலிகார்பனேட் தகடு கிடைக்கும். தகட்டைச் செருகும் காடியை (பிளவை), கட்டை சதுரமாக இருக்கும்போதே அறுத்துவிட வேண்டும். உருட்டிச் செதுக்கிய பிறகு அறுத்தால் கோணாமல் வராது.

சோதிப்பதற்கு மதகடியைப்போல வசதியான இடம் கிடையாது. ஓடும் தண்ணீரில் தூண்டில் நரம்பைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றால், நிற்கும் தண்ணீரில் இழுத்ததற்குச் சமம். லூர் இடப்பக்கம் ஒதுங்கினால், நரம்பு கட்டும் வளையத்தை மயிரளவு வலப்பக்கம் வளைக்க வேண்டும். இந்த இடத்தில் பொறுமை வேண்டும், ஒரே அழுத்தில் வளைத்தால் எதிர்ப்பக்கம் ஓடும். அப்புறம், செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கும் இடத்தில் விரால் காவல் நிற்கும், எதைப் போட்டாலும் அடிக்கும். அங்கே தயவுசெய்து போடாதீர்கள். பிடித்துவிட்டால் குஞ்சுகள் அத்தனையும் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும்.

வண்ணத்துக்கு முன்பும் பின்பும் எபாக்சி (இறுகிக் கெட்டியாகும் பிசின்) பூசுவது அழகுக்காக அல்ல. முள் கீறிய இடத்தில் தண்ணீர் இறங்கினால் செல்லுக்குள் இருந்த காற்று போய்விடும், மேலே சொன்ன கணக்கு மொத்தமும் மாறிவிடும். கீறல் கண்டால் நிழலில் நன்றாகக் காயவைத்து, பிறகு பூசுங்கள்.

கொள்ளிடத்தில் சரியாக மிதந்த லூர், பழையாறு முகத்துவாரத்தில் கொடுவாவுக்குப் போடும்போது கொஞ்சம் தூக்கலாக மிதக்கும். கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி அதிகம், 15 க.செ.மீ. லூருக்கு அது 0.4 கிராம் அளவுக்குக் கூடுதல் மிதப்பு. வயிற்று முள்ளின் தண்டில் அவ்வளவு எடைக்கு ஈயக்கம்பியைச் சுற்றிவிட்டால் சரியாகிவிடும்.