கேமராவின் கையில் இரண்டு ஆப்புக் கண்ணாடிகள்

வாசகர் ஒருவர் ஒரு படம் அனுப்பியிருந்தார். 1930-களில் ஜெர்மனியின் சைஸ் ஐகான் நிறுவனம் செய்யத் தொடங்கிய சூப்பர் ஐகோன்டா என்ற மடக்குக் கேமரா. மூடியைத் திறந்தால் துருத்தி விரிந்து லென்ஸ் முன்னே வரும். அந்த லென்ஸை ஒட்டி ஒரு சிறு கை நிமிர்ந்து நிற்கிறது. நுனியில் வட்டக் கண்ணாடி. “இது பிற்பாடு யாரோ ஒட்டியதா? கழற்றிவிடலாமா?” என்று கேட்கிறார்.

தயவுசெய்து கழற்றாதீர்கள். தூரம் அளக்கும் கருவியின் உயிர்நாடி அதுதான்.

அடிப்படை பள்ளிக்கூட முக்கோணம். விரலை நீட்டி ஒரு கண்ணை மாற்றி இன்னொரு கண்ணால் பார்த்தால் விரல் இடம் மாறித் தெரியும். கேமராவிலும் அப்படி இரண்டு கண்கள், அதாவது இரண்டு சன்னல்கள். இரண்டின் காட்சியையும் பாதி வெள்ளி பூசிய கண்ணாடி ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டுகிறது. எதிர்வீட்டு சன்னல் கம்பியைப் பார்த்தால் ஒரு கம்பிக்கு இரண்டு தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப ஆவிபோன்ற இரண்டாவது கம்பி நகர்ந்து வந்து முதல் கம்பியில் ஒட்டிக்கொள்ளும். அந்த நொடியில் லென்ஸ் அந்தக் கம்பிக்கு ஃபோகஸ் ஆகியிருக்கும்.

சிக்கல் அளவில் இருக்கிறது. இரண்டு சன்னல்களுக்கு நடுவே 4 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை மீட்டரில் நிற்பவரைப் பார்க்கும்போது இரண்டு பார்வைக்கும் இடையிலான கோணம் சுமார் ஒன்றரை டிகிரி. 10 மீட்டரில் அது கால் டிகிரிக்கும் கீழே போய்விடும். சன்னலுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடியைச் சாய்த்து இதைச் சரிக்கட்டினால் அதில் பாதியளவே சாய்க்க வேண்டும், ஏனென்றால் கண்ணாடி திரும்பும் கோணத்தைப் போல இரண்டு மடங்கு ஒளி திரும்பும். 10 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டாத் தொலைவு வரை எல்லாமே கண்ணாடியின் 0.11 டிகிரிக்குள் அடங்கிவிடும். 2 செ.மீ. நெம்புகோலின் நுனியில் இது 0.04 மி.மீ., ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. மடக்கி விரிக்கும் கேமராவில், முன்னும் பின்னும் போய்வரும் லென்ஸுக்கும் உடலுக்கும் நடுவே இவ்வளவு நுணுக்கமான நெம்புகோலை எப்படிப் பொருத்துவது?

பொருத்தவே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். ஒரு சன்னலுக்கு முன்னால் நிற்கும் அந்தக் கையின் நுனியில் இருப்பது ஒரு கண்ணாடி அல்ல, இரண்டு. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த ஆப்பு, அதாவது மிக மெல்லிய முப்பட்டகம். தன் வழியே வரும் ஒளியைத் தடித்த பக்கம் நோக்கிக் கொஞ்சம் வளைக்கும். முதலில் ஒன்றின் தடித்த பக்கம் மேலே, மற்றதன் தடித்த பக்கம் கீழே. ஒன்று வளைத்ததை மற்றது நிமிர்த்திவிட, ஒளி நேராகப் போகிறது. லென்ஸ் வளையத்தோடு பல்சக்கரத்தில் கோத்த இந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுழல்கின்றன. தேர் வடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வடங்களையும் ஆளுக்கொரு பக்கம் சரித்து இழுத்தாலும் பக்கவாட்டு இழுப்பு ஒன்றை ஒன்று அடித்துவிடும், தேர் முன்னால்தான் போகும். இங்கேயும் மேல்-கீழ் வளைவு எப்போதும் ரத்தாகி, பக்கவாட்டு வளைவு மட்டும் கூடிக்கொண்டே போகிறது. ஆளுக்கு 90 டிகிரி சுழன்று முடித்ததும் இரண்டு தடித்த பக்கங்களும் ஒரே பக்கம் வந்து, வளைவு முழுசாகச் சேர்ந்துவிடும்.

ஒன்றரை டிகிரி வளைக்க 90 டிகிரி சுழற்சி. 60 மடங்கு நிதானம், அதுவும் கண்ணாடியின் வடிவத்திலிருந்தே கிடைக்கிறது. லென்ஸ் பலகைக்கும் கேமரா உடலுக்கும் இடையே கம்பியோ நெம்புகோலோ இல்லை. செய்தியைச் சுமந்து போவது ஒளிதான்! இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

விரித்த கை லேசாக ஆடுமே, அளவு கெடாதா? கெடாது. கல்லூரி ஆய்வகத்தில் ஸ்பெக்ட்ரோமீட்டரை வைத்து ஐ-டி வளைவு (முப்பட்டகத்தில் ஒளி விழும் படுகோணத்துக்கு ஏற்ப அது எவ்வளவு விலகுகிறது என்ற வரைபடம்) வரைந்தவர்களுக்கு நினைவிருக்கும்: விலகல் மிகக் குறைவாக இருக்கும் சிறும விலகல் இடத்தில் வளைவு அடியில் தட்டையாக இருக்கும். அங்கே படுகோணம் கொஞ்சம் மாறினாலும் விலகல் அநேகமாக மாறாது. மெல்லிய ஆப்பு அந்தத் தட்டையான இடத்தில்தான் வேலை செய்கிறது. அந்த வளைவை வரைந்து மதிப்பெண் வாங்கிய எனக்கு அது எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. முப்பட்டகங்கள் பீரோவுக்குள் பூட்டியே கிடந்தன. பெரிய ஆராய்ச்சி மையங்களுக்குத் தரும் பணத்தில் ஒரு சிறு பங்கை, மாணவர்கள் தங்கள் கையால் கருவி செய்து பார்க்கும் பட்டறைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கண்ணின் திறமையையும் சொல்லியாக வேண்டும். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளைப் பிரித்தறிய நம் கண்ணுக்கு ஏறத்தாழ ஒரு கலை, அதாவது டிகிரியில் 60-இல் ஒரு பங்கு தேவை. ஆனால் இரண்டு கோடுகள் நேராகச் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பதில் கண் அதைவிட ஆறு மடங்குக்கும் மேல் கூர்மையானது. கருவி இந்தத் திறமையைத்தான் நம்பியிருக்கிறது. அப்படிக் கணக்கிட்டால் நம் 4 செ.மீ. கருவி 10 மீட்டரில் 12 செ.மீ. தவறலாம். அது படத்தில் தெரியாது. 100 மீட்டரிலோ 12 மீட்டர் தவறும், ஏனென்றால் பிழை தூரத்தின் வர்க்கமாக வளர்கிறது.

சன்னல்களின் இடைவெளியைக் கூட்டினால் பிழை குறையும். அதனால்தான் கப்பல்களின் தூரமளக்கும் கருவிகளுக்கு நீளமான குழாய்கள். 1888-இல் பிரிட்டிஷ் போர்த்துறையின் விளம்பரத்தைப் பார்த்து, லீட்ஸ் நகரப் பேராசிரியர்கள் ஆர்ச்சிபால்ட் பார், வில்லியம் ஸ்ட்ரௌட் இருவரும் இந்த வேலையில் இறங்கினார்கள். அவர்களுடைய கடற்படைக் கருவி நாலரை அடி. பின்னாளில் ஜப்பானின் யமாட்டோ போர்க்கப்பலில் 15 மீட்டர் வரை போனது.

உங்கள் கேமராவுக்கு வருவோம். அது இன்னும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மெக்கானிக் தேவையில்லை. நிலா இருக்கும் இரவில் மொட்டைமாடிக்குப் போங்கள். லென்ஸ் வளையத்தை முடிவிலிக் குறியில் நிறுத்திவிட்டு நிலாவைப் பாருங்கள். இரண்டு நிலாக்களும் ஒன்றாகியிருந்தால், அந்தக் கை இன்னும் வேலை செய்கிறது.