ரிசார்ட் என்றால் விடுதி மட்டும்தானா?

"கான், பிரான்சின் புகழ்பெற்ற கடற்கரை விடுதி." பயணக் கட்டுரைகளில் இந்த மாதிரி வரிகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. ரிசார்ட் என்ற ஆங்கிலச் சொல்லை விடுதி என்று பெயர்ப்பதால் வரும் வினை இது. கான் விடுதி இல்லை, ஊர். மேயர் இருக்கிறார், ரயில் நிலையம் இருக்கிறது, லெ சூக்கே என்ற மேட்டில் ஏற்றமும் இறக்கமுமாகப் பழைய தெருக்கள் இருக்கின்றன, ஃபோர்வில் சந்தையில் காலையில் மீன் விற்கிறார்கள். இதையெல்லாம் எந்த விடுதிக்குள் வைப்பது?

ரிசார்ட் என்பதன் பூர்வீகம் பழைய பிரெஞ்சு. மறுபடி வெளியே போவது என்று பொருள். ஆங்கிலத்தில் அது தஞ்சம் புகுவது என்றாகி, ஆட்கள் அடிக்கடி போய்க் கூடும் இடம் என்றாகி, உடம்பு தேறவும் பொழுது போக்கவும் போய்த் தங்கும் ஊர் என்றானது. தனி ஓட்டலைக் குறித்தது பிற்பாடுதான். நமக்கு வந்து சேர்ந்தது அந்தப் பிற்பாட்டுப் பொருள் மட்டும்: கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீச்சல்குளமும் குடில்களுமாக நிற்பது. 2017இல் கூவத்தூரில் நடந்த கூத்துக்கு அப்புறம் ரிசார்ட் என்றாலே எம்.எல்.ஏ.க்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

தவறு புரிந்த சிலர் 'விடுதி நகரம்' என்று திருத்தி எழுதுகிறார்கள். அது இன்னும் மோசம். விடுதி என்றதும் நம் ஆட்களுக்கு மாணவர் விடுதி, மகளிர் விடுதி, பேருந்து நிலையத்து எதிரே இருக்கும் லாட்ஜ் எல்லாம் வரிசையாக வரும். 'சொகுசு' என்று முன்னால் ஒட்டினாலும் போகாது. அதைவிட, விடுதிகளால் உண்டான ஊர் என்று அது சொல்கிறது. வரலாறு அப்படி இல்லையே. 1834இல் பிரிட்டிஷ் அரசியல்வாதி பிரூம் பிரபு இத்தாலிக்குப் போகும் வழியில், காலரா பயத்தால் எல்லையில் தடுக்கப்பட்டு, கானுக்குத் திரும்பினார். அப்போது அது மீனவர் ஊர். இடம் பிடித்துப்போய், நிலம் வாங்கி மாளிகை கட்டினார். அவரைப் பார்த்து மற்ற பிரபுக்களும் வந்தார்கள். முதலில் வந்தது வீடு. பக்கத்து நீஸிலும் ஆங்கிலேயர்கள் மாதக்கணக்கில் குடியிருந்தார்கள். 1820களில் பணம் போட்டுக் கடலோரமாக நடைபாதையே அமைத்தார்கள். இன்றும் அதற்கு 'ஆங்கிலேயர் உலாவீதி' என்றுதான் பிரெஞ்சில் பெயர். அவர்கள் வந்தது குளிர்காலத்தில். வெயில் காலத்தில் அங்கே போவது நாகரிகமானது 1920களுக்குப் பிறகுதான்.

சரி, என்னதான் எழுதுவது? 'சுற்றுலாத் தலம்' என்றால் மதுரையும் அதில் அடங்கும். 'உல்லாசபுரி' என்றால் ராட்டினம் சுற்றும். 'ஓய்வு நகரம்' என்றால் பென்ஷன்காரர்கள் குடியேறும் இடம் போல இருக்கிறது.

கைக்கெட்டும் தூரத்திலேயே சொல் இருக்கிறது: வாசஸ்தலம். ஊட்டியைக் கோடை வாசஸ்தலம் என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். 'மலை விடுதி' என்று யாரும் சொன்னதில்லை. அதே நூற்றாண்டில், அதே ஆங்கிலேயர்கள், சென்னை வெயில் தாங்காமல் ஊட்டிக்கு ஏறினார்கள், லண்டன் குளிர் தாங்காமல் நீஸுக்கு இறங்கினார்கள். அப்படியானால் நீஸ் 'குளிர்கால வாசஸ்தலம்'. இன்றைய கான் 'கடலோர வாசஸ்தலம்'. பணக்காரத்தனம் தெரிய வேண்டுமானால் 'செல்வந்தர்களின்' என்று முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

வடமொழி ஆயிற்றே என்று தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்கள் தரும் 'வாழிடம்' இப்போது புலிக்கும் யானைக்கும் போய்விட்டது. 'உறைவிடம்' என்றால் உண்டு உறைவிடப் பள்ளி. படித்ததும் புரியும் சொல்லைத் தள்ளிவிட்டு அகராதியைத் தேட வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

2021இல் யுனெஸ்கோ நீஸை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது ஆங்கிலப் பெயரிலேயே 'ரிசார்ட்' என்ற சொல்லை வைத்தது. தமிழில் 'நீஸ்: ரிவியேராவின் குளிர்கால வாசஸ்தலம்' என்றால் முடிந்தது; ரிவியேரா என்பது அந்தக் கடற்கரைப் பகுதியின் பெயர். இதைக் 'குளிர்கால விடுதி நகரம்' என்று எழுதினால் கம்பளி வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்கத் தோன்றும். கூடவே ரிவியேராவை 'ஆற்றங்கரை' என்று பெயர்ப்பவர்களும் இருக்கிறார்கள். இத்தாலியனில் அது கடலோரம், ஐயா. ஆங்கிலத்து ஆறு காதில் விழுந்த உடனே அகராதியை மூடிவிடுகிறார்கள்.